பால் சேர்க்கக் கூடாது

இன்று காலை ஏழு இருபதுக்குக் கைபேசியில் ஒரு படம் வந்தது. என் தங்கையின் மகள் இத்தாலியில் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறாள். அவள் அனுப்பியது. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே சிவப்பு நிறச் சட்டியில் ஏதோ கொதிக்கிறது. கீழே எழுதியிருந்தாள்: "மாமா, இங்க வின்டர்ல வயிறு நிறையணும், எடையும் கூடக் கூடாதுன்னு இப்படி இஸ்டு செய்றாங்க. நீங்க முந்தி செய்வீங்கன்னு அம்மா சொல்றாங்க. அளவு அனுப்புங்க."

அளவு என்றால் நான் உடனே பதில் சொல்லிவிடுவேன். ஒருவருக்கு என்று போட்டேன். கரட் நூற்றைம்பது கிராம், லீக்ஸ் இரண்டு தண்டு, போஞ்சிக்காய் பத்து, முட்டைக்கோவா ஒரு கைப்பிடி, தோல் உரித்த கோழி நெஞ்சு நூற்றிருபது கிராம், மைசூர்ப் பருப்பு மூன்று மேசைக்கரண்டி, கறுவா இரண்டு அங்குலம், கராம்பு மூன்று, ஏலக்காய் இரண்டு, மிளகு பதினைந்து, ரம்பை இலை ஒரு துண்டு. பருப்பைத் தனியே குழைய விட்டு மசித்துச் சேர்த்தால் குழம்பு தடிக்கும். கடைசியில் 'தேங்காய்ப் பால் சேர்க்கக் கூடாது, தேங்காய்' என்று எழுதினேன். தேங்காய் என்ற சொல் இரண்டு தடவை விழுந்தது கை தவறி இல்லை.

அவள் ஒரு சிரிக்கும் முகத்தை அனுப்பினாள். அவளுக்கு அது போதும். மீதியை உங்களுக்கு எழுதுகிறேன்.

இலங்கையில், மாத்தளைக்கு மேலே, எங்கள் இரத்தோட்டையில் பனி கொட்டாது. ஆனால் மார்கழி, தை மாதங்களில் மேலே ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து ஒரு குளிர் இறங்கும். மழை என்று சொல்ல முடியாத தூறல், கயிற்றில் போட்ட துணி மூன்று நாளைக்குக் காயாது. எங்கள் வீடு பஸாருக்கு மேலே சரிவில் இருப்பதால் காலை ஒன்பது வரை எதிர் வீட்டுக் கூரை தெரியாது. அந்த மாதங்களில் எதைச் சூடாகக் கொடுத்தாலும் மனிதன் சாப்பிடுவான். இஸ்டு என்றால் கேட்கவே வேண்டாம்.

இஸ்டு என்ற அந்த இங்கிலீஷ் சொல்லை நான் முதலில் கேட்டது வேலைக்குச் சேர்ந்த வருடம். இருபத்திரண்டு வயது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கிளாக்கர். மலையில் தராசைத் தொங்கவிட்டு, கூடை கூடையாக நிறுத்துப் பெயருக்கு நேரே எழுதுவது என் வேலை. மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் நிறைக்கு வருமல்லவா, அதற்காக ஆளுக்கு இரண்டு கிலோ கழிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. நானும் ஒருவர் விடாமல் கழித்தேன். அந்த வயதில் உத்தரவு எழுத்தில் இருந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன்.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள், அப்படி ஒரு தூறலில், சுகமில்லாத தாய்க்குப் பதிலாகக் கொழுந்தெடுக்க வந்திருந்த ஒரு பெண், கூடையைத் தராசிலிருந்து இறக்காமல் நின்றாள்.

"கிளாக்கரய்யா, தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிக்கிறீங்களே, உங்க சட்டை, சப்பாத்து எல்லாம் தண்ணிதான். கொஞ்சம் கொக்கியில தொங்குங்க, உங்களயும் நிறுத்துக் கழிச்சிருவோம்."

"ஐயோ தொங்க விட்றாதடி, கழிச்சா மிச்சம் ஒண்ணும் இருக்காது" என்றாள் பின்னால் நின்றவள்.

மலை முழுவதும் சிரித்தது. அப்போது என் எடை ஐம்பத்திரண்டு. நான் சிரிக்கவில்லை. அன்று மாலை நாட்குறிப்பில், 'மழை. கொழுந்து குறைவு. ஒரு பெண் வாய் பேசினாள்' என்று எழுதினேன். அன்றுதான் துரை பங்களாச் சமையல்காரர் உத்தியோகத்தர்களுக்கென்று ஒரு எனாமல் வாளியில் இஸ்டு இறக்கி அனுப்பினார். வெள்ளை வெளேரென்று தேங்காய்ப் பாலில் உருளைக்கிழங்கும் இறைச்சியும். பாண் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டேன். அதையும் எழுதியிருக்கிறேன்.

அந்தப் பெண் ஜெசிந்தா. மூன்று வருடம் கழித்து இரத்தோட்டைக் கோயிலில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. வீட்டுக்கு வந்த முதல் மாதமே என் பழைய குறிப்புப் புத்தகங்களை எல்லாம் எடுத்துப் படித்துவிட்டாள்.

"ஒரு பெண்ணா? பேர் போட முடியாதா? நாள், கிழமை, மழை எல்லாம் இருக்கு. ஆளு இல்ல."

"அப்ப உன் பேர் தெரியாது, ஜெசி."

"செக்ரோல் புத்தகத்துல என் பேர் இருந்துச்சே. அதுல பாத்துத்தானே கழிச்சீங்க?"

அது உண்மைதான். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. எல்லாவற்றையும் எழுதுவேன், ஒரு சொல்லை விட்டுவிடுவேன். எழுதும்போது அந்தச் சொல் என் தலைக்குள் இருக்கும், அதனால் தாளிலும் இருப்பதாக நினைத்துக்கொள்வேன். இதை ஒரு சின்னக் குறையாக, வீட்டில் சிரிப்பதற்கு உதவுகிற ஒன்றாக இருபத்துநான்கு வருடம் வைத்திருந்தோம்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் செலவழிக்கக் கூடிய அக்கறை முழுவதும் என் தட்டில் விழுந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்தால் இஸ்டு. என் பிறந்தநாளுக்கு இஸ்டு. எனக்குச் சளி, தடிமன் என்றால் மிளகு தூக்கலாக இஸ்டு. ஒரு முழுத் தேங்காய்ப் பாலை ஊற்றி, இறக்கும்போது ஒரு கரண்டி பட்டரும் போடுவாள். ஐம்பத்திரண்டில் கைப்பிடித்தவனை எண்பத்தேழு ஆக்கினாள். அந்த முப்பத்தைந்து கிலோவும் அவள் கைவேலை என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். சந்தோஷமாகத்தான் சொல்வேன்.

பிறகு அவளுடைய இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கால் வீங்கியது, காலையில் வாந்தி வந்தது, பிரஷர் என்று சொல்லிக் குளிசை குடித்துக்கொண்டிருந்தாள். மாத்தளையில் பார்த்தபோது காலம் கடந்திருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு குழாய் வைத்து, கிழமைக்கு, அதாவது வாரத்துக்கு, இரண்டு நாள் இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். அது நிரந்தரமாகத் தாங்காது, மாற்றுச் சிறுநீரகம் வேண்டும் என்றார்கள். அவளுடைய ஒரே தம்பிக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, அதனால் கொடுக்க முடியாது. என்னைப் பரிசோதித்தார்கள். இரத்தப் பிரிவு பொருந்தியது. அதற்குப் பிறகு இன்னும் எத்தனையோ பார்த்தார்கள், அவையும் பொருந்தின.

"நம்ம கல்யாணத்துக்கு யாரும் சாதகம் பாக்கல. இருபத்தஞ்சு வருஷத்துக்குப் பொறகு பொருத்தம் பாக்கிறாங்க" என்றாள் ஜெசி.

"பத்துப் பொருத்தமும் இருக்குதாம்."

"அப்ப பரவாயில்ல, கட்டிக்கிறேன்."

ஒரே ஒரு தடை. கண்டி கிளினிக்கில் என்னை நிறுத்தார்கள். எண்பத்தேழு புள்ளி நான்கு. ஈரலிலும் கொழுப்பு. எழுபத்தெட்டுக்குக் கீழே இறங்கினால்தான் கத்தி வைக்க முடியும் என்று டொக்டர் சொன்னார். இறங்கிய நாளிலிருந்து நாலு கிழமையில் சத்திரசிகிச்சை. அதாவது அவளுடைய உயிருக்கும் எனக்கும் நடுவில் ஒன்பதரைக் கிலோ நின்றது. ஆயிரம் கூடையில் தண்ணீரைக் கழித்தவன் தன் மேலிருந்து கழிக்க வழி தெரியாமல் அந்தத் தராசுத் தட்டில் நின்றேன்.

அங்கே சாப்பாடு பற்றிச் சொன்னவர் ஒரு சிங்கள மிஸ்ஸி. தாதியை நாங்கள் மிஸ்ஸி என்போம். அன்பானவர், அவசரமானவர். வெளியில் முப்பது பேர் இருந்தார்கள். சோறு பாதி, எண்ணெய் வேண்டாம், சீனி வேண்டாம், மரக்கறி நிறைய, தோல் இல்லாத கோழி, சூப்பு மாதிரிச் செய்து குடித்தால் வயிறு நிறையும் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியாக, "கிரி தான்ன எபா" என்றார். பால் போட வேண்டாம் என்று அர்த்தம். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் திரும்பக் கேட்கவில்லை. முழங்காலில் புத்தகத்தை வைத்து எழுதினேன்: 'பால் சேர்க்கக் கூடாது.'

அன்றோடு பால் தேத்தண்ணீரை நிறுத்தினேன். நாளுக்கு இரண்டு கோப்பை, முப்பது வருடப் பழக்கம். திறந்திருந்த பால்மா டின்னைப் பக்கத்து வீட்டு ஹாஜரா ராத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கராம்பு வியாபாரியின் மனைவி. ஜெசியை நாளுக்கு நான்கு தடவை எட்டிப் பார்க்கிறவர், என்னைத் தம்பி என்பார்; ராத்தா என்றால் அக்கா. டின்னைக் கொடுத்துவிட்டு வந்தபோது பெரிய தியாகம் செய்தவன் போல இருந்தது. வெறுந்தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு அதையும் எழுதினேன்.

சமையல் இப்போது என் கையில். ஒரு வீட்டில் இரண்டு சட்டி. ஜெசிக்கு வருகிற மரக்கறியில் பொட்டாசியம் என்ற ஒரு சத்து இருக்கக் கூடாது, அது நெஞ்சை நிறுத்திவிடும் என்றார்கள். அதனால் எல்லாவற்றையும் பொடியாக வெட்டி, இரண்டு மணித்தியாலம் வெந்நீரில் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரை வடித்து ஊற்றிவிட வேண்டும். வடித்த பிறகு கரட்டுக்கும் கோவாவுக்கும் கண்ணால் பார்த்தால்தான் வித்தியாசம். எனக்கு அந்தத் தண்ணீரைக் கொட்ட மனம் வரவில்லை. நிறம், மணம், இனிப்பு எல்லாம் அதில்தான் இருந்தன. நான் குடித்தால் பாதகமில்லை என்று மிஸ்ஸியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தத் தண்ணீரிலேயே என்னுடைய இஸ்டுவை வைத்தேன்.

ஜெசி படுக்கையில் இருந்தபடி எட்டிப் பார்ப்பாள்.

"என் காய்கறியோட உசிர நீங்க குடிக்கிறீங்க. எனக்குச் சக்கை."

"மிஸ்ஸிதானே வடிக்கச் சொன்னாங்க."

"குடிங்க, குடிங்க. எப்படியும் ஒண்ணத் திருப்பித் தரத்தானே போறீங்க."

மாலை நான்கரைக்கு, அப்போது நான் வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வருவேன். இரத்தோட்டைப் பஸ்ஸை ஒரு தரிப்புக்கு முன்னமே விட்டு இறங்கி நடப்பேன், அது உடற்பயிற்சி. வந்ததும் வெட்டுவேன், ஊறவைப்பேன், அவிப்பேன், வடிப்பேன். ஏழே முக்காலுக்கு இஸ்டு இறங்கும். கறுவாவும் மிளகும் வீடெல்லாம் மணக்கும். சோற்றைக் குறைத்திருந்ததால் எனக்கு வயிறு காந்தும். ஒரு கோப்பை சாப்பிட்டு, இன்னொரு கோப்பை சாப்பிடுவேன். அவள் தன்னுடைய வெளுத்த துண்டுகளை முள்ளுக்கரண்டியால் கிளறிக்கொண்டு என்னைப் பார்ப்பாள். அவளுக்கு நாளுக்கு இவ்வளவு தண்ணீர் என்று அளவு. என் கோப்பையிலிருந்து எழும் ஆவியை முகத்தில் பிடித்துக்கொள்வாள். ஆவிக்கு அளவு சொல்லவில்லையே என்பாள்.

எடை இறங்கவில்லை.

இரண்டாவது கிழமை எண்பத்தேழு புள்ளி இரண்டு. நான்காவது கிழமை எண்பத்தேழு புள்ளி நான்கு. கடையில் உள்ள தராசு பிழை என்று மாத்தளைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கினேன். அதுவும் அதையே காட்டியது. ஈரக் காற்சட்டை என்று கழற்றிவிட்டு நின்றேன். காலையில், பசியோடு, தலைமயிர் வெட்டிய பிறகு நின்றேன். சிரிக்காதீர்கள், தலைமயிர் வெட்டிய நாளில் நூறு கிராம் குறைந்ததை அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன். அந்த நாட்களில் ஜெசி படிக்கட்டு ஏறும்போது நடுவில் உட்கார ஆரம்பித்திருந்தாள். சுத்திகரிப்பு முடிந்து வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்குவாள். என் தோள் அவளுக்கு மெத்தென்று இருந்தது. அந்த மெத்தைதான் அவளைக் கொல்கிறது என்று என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஆறாவது கிழமை கண்டியில் நிறுத்தார்கள். எண்பத்தாறு புள்ளி ஒன்பது. மிஸ்ஸி என் முகத்தைப் பார்த்தார். சொன்னபடி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். நான் எரிச்சலோடு, ஒரு சொட்டுப் பால் கூடச் சேர்ப்பதில்லை என்றேன். அவர், அப்படியானால் சோற்றை இன்னும் குறையுங்கள் என்றார். குறைத்தேன். சோற்றைக் குறைத்ததற்கு ஈடாக இஸ்டுவைக் கூட்டினேன்.

ஐந்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை. நான் குசினியில் துருவிய தேங்காய்ப் பூவைப் பிழிந்துகொண்டிருந்தேன். ஹாஜரா ராத்தா ஜெசிக்கென்று ஏதோ கொண்டுவந்தவர் வாசலில் நின்றுவிட்டார்.

"தம்பி, இது யாருக்கு?"

"எனக்குத்தான் ராத்தா. பத்தியச் சாப்பாடு. மெலியறதுக்கு."

"தேங்காப்பால்லயா மெலியப் போறீங்க?"

"கிரி எபான்னுதான் சொன்னாங்க. அத எப்பவோ நிப்பாட்டியாச்சே. டின்ன உங்களுக்குத்தானே தந்தேன்."

அவர் சட்டியை எட்டிப் பார்த்தார். கையிலிருந்ததை மேசையில் வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. ஈரக் கையோடு போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, ஆதாரத்தைக் காட்டுகிறவன் மாதிரி, உரக்கப் படித்தேன்: "பால் சேர்க்கக் கூடாது." படித்து முடிக்கும்போது என் மணிக்கட்டிலிருந்து ஒரு வெள்ளைச் சொட்டு அந்தப் பக்கத்தில் விழுந்தது.

அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதே மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். சிங்களக் குசினியில் கிரி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? கறிக்குப் போடுகிற கிரி எது? எங்கள் தமிழில் மட்டும் என்ன, குழம்புக்குப் பால் விடு என்றால் நாங்கள் மாட்டுப் பாலையா விடுகிறோம்? மிஸ்ஸி இஸ்டுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணீரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். முதல் நாளிலிருந்து அன்று வரை நாளுக்கு அரைத் தேங்காய், கெட்டிப் பாலும் இரண்டாம் பாலும். எல்லாம் தேதியோடு எழுதியிருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தேழு நாள்.

உள் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜெசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவில் சாய்ந்து நின்றாள். சிரிப்பில் மூச்சு வாங்கியது.

"ராத்தா, இவரப் பாருங்க. எழுதி வச்சு, அத வாசிச்சு, அதயே நம்பி மோசம் போன ஆளு."

"உட்காருங்க தங்கச்சி, மூச்சு வாங்குது."

"ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு. அன்னைக்கும் ஆளோட பேர விட்டாரு, இன்னைக்குத் தேங்காய விட்டுட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு அவளுக்கு அது சிரிப்பாக வரவில்லை. கதவிலேயே சரிந்து உட்கார்ந்தாள். ராத்தா அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் பாலைக் கொட்டினேன். எங்கே கொட்டுவதென்று தெரியாமல் வாழை மரத்தடிக்குப் போய்க் கொட்டினேன், மழையில் நின்றேன், திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்று இத்தாலிக்குப் போன இஸ்டு. பால் இல்லாமல் முதல் நாள் அது வெந்நீரில் மிதக்கிற மரக்கறி. மூன்றாம் நாள் பருப்பை மசித்துச் சேர்த்தேன். ஒரு கிழமையில் இஞ்சி, முழு மிளகு, கருக்கிய வெங்காயம் என்று வழி கிடைத்தது. தோட்டத்துப் பாதையில் காலையில் ஆறு கிலோமீற்றர் நடந்தேன், மாலையில் நான்கு. கிறிஸ்மஸ் காலையில் எல்லா வீட்டிலும் தேங்காய்ப் பால் இஸ்டுவும் பாணும். நான் ஒரு துண்டுப் பாணும் என்னுடைய மஞ்சள் இஸ்டுவும். ஜெசி அதைப் பார்த்து, "சாமிக்கும் இதத்தான் காட்டுனீங்களா?" என்றாள். பசியில் கண் இருட்டும். பஸ்ஸில் யாராவது வடையைப் பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு நாள் தொழிற்சாலையில் சாக்கு மேல் உட்கார்ந்தவன் எழும்ப முடியாமல் இருந்தேன். அதெல்லாம் எனக்கு வேண்டியிருந்தது. எவ்வளவு வலித்தாலும் போதவில்லை.

தை முடியும்போது எண்பத்தொன்று. காற்சட்டைக்குள் இரண்டு கை விடலாம். ஜெசி பெல்ட்டில் புது ஓட்டை போட ஆணியைச் சூடாக்கிக் கொடுத்தாள். மாசி நடுவில், கண்டித் தராசில், எழுபத்தேழு புள்ளி எட்டு. மிஸ்ஸி எழுந்து நின்று என் கையைப் பிடித்தார். நாலு கிழமை தள்ளி ஒரு திகதியை அட்டையில் எழுதிக் கொடுத்தார். அன்று பஸ்ஸில் ஜெசி என் தோளில் சாய்ந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எலும்பு குத்துது."

"பழகிக்க."

"இருங்க, ஆபரேஷன் முடியட்டும். ஒரு முழுத் தேங்காய்ல வைக்கிறேன்."

பன்னிரண்டாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நடுங்கினாள். குழாய் வழியாக இரத்தத்தில் கிருமி சேர்ந்திருந்தது. அப்படி நடப்பதுண்டு என்றார்கள், யாருடைய பிழையும் இல்லை என்றார்கள். அவர்கள் தங்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். ஏழு நாள் மாத்தளை ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தாள். நான்காம் நாள், கொஞ்சம் தெளிந்திருந்தபோது, என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"எண்ணுறீங்களா?"

"இல்ல."

"எண்ணுறீங்க. வாய் அசையுது. எண்ணாதீங்க. அந்தப் பக்கத்தக் கிழிச்சிருங்க. எனக்காக."

"சரி ஜெசி."

நான் எண்ணித்தான் இருந்தேன். நாற்பத்தேழு நாள் முன்னதாக எழுபத்தெட்டைத் தொட்டிருந்தால், அதிலிருந்து நாலு கிழமையில் சத்திரசிகிச்சை என்றால், காய்ச்சல் வருவதற்கு முப்பத்தொரு நாள் முன்னமே அவளுக்குள் என்னுடையது வேலை செய்திருக்கும். கழுத்துக் குழாயும் இருந்திருக்காது. முப்பத்தொரு நாள். பிறகு டொக்டரிடம் இதைச் சொன்னேன். மனித உடம்பை அப்படிக் கழித்துக் கூட்ட முடியாது, சத்திரசிகிச்சையே சரி வந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது என்றார். நல்ல மனிதர். ஆனால் நான் கேட்டதற்கு அவர் இல்லை என்று சொல்லவில்லை.

ஏழாம் நாள் காலை ஐந்து நாற்பதுக்கு அவள் போய்விட்டாள். பக்கத்தை நான் கிழிக்கவில்லை. ஒரு பக்கத்தையும் கிழித்துப் பழக்கமில்லை. அவள் கடைசியாகக் கேட்டதைக்கூடச் செய்யவில்லை என்று, கேட்பவர்களிடம் சொல்வதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

அட்டையில் எழுதிய திகதி அதற்கு ஒன்பது நாள் கழித்து வந்தது. கிளினிக்குக்கு யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று காலை வழமை போல எழுந்தேன். நடந்தேன். பருப்பு இஸ்டு ஒரு கோப்பை சாப்பிட்டேன். இரண்டு பஸ் ஏறிக் கண்டிக்குப் போனேன். ஏன் போனேன்? திகதி எழுத்தில் இருந்தது, அவ்வளவுதான். நடைபாதை வாங்குப் பலகையில், முன்பு எங்களைப் போல, இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்த மிஸ்ஸி அன்று இல்லை, வேறொரு இளம்பெண். சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினேன். எழுபத்தேழு புள்ளி இரண்டு. "ஹரி ஹொந்தாய்", மிக நல்லது, என்று சிரித்துக்கொண்டே எழுதினாள். எழுதிவிட்டு, என் பின்னால் எட்டிப் பார்த்து, "லெடா கோ?" என்றாள். நோயாளி எங்கே என்று கேட்டாள்.

நானும் திரும்பிப் பார்த்தேன். இருபத்தைந்து வருடப் பழக்கம். வாங்கில் ஒரு கிழவர் தன் மகளுடைய பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது.

இப்போது வருடம் மூன்றாகிறது. ஈரலில் கொழுப்பு இல்லை என்கிறார்கள். இரண்டு சிறுநீரகமும் நல்ல நிலையில் இருக்கின்றன என்கிறார்கள். சொல்கிறவர்கள் அதை நல்ல செய்தியாகத்தான் சொல்கிறார்கள்.